குழு கிளம்பிய பிறகு

ஜனவரி 14, சியம் ரீப்

குழு காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டது. வந்த முப்பத்து நான்கு பேரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இங்கே. திருச்சி அக்கா ஒரு டப்பா புளிக்காய்ச்சலைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார். "வியட்நாம்ல ஹோட்டல், டிக்கெட் எல்லாம் மொத்தமா போட்டது மேடம். நிறுத்த முடியாது" என்றார் டூர் மேனேஜர். அவர் சொன்னது நியாயம்தான். சண்டை போட இடமில்லாததால்தான் அழுகை வந்தது.

என் கணவருக்கு வலது நுரையீரலில் நிமோனியா. ஒரு வாரத்துக்கு விமானம் ஏறக்கூடாதாம்.

ஜனவரி 15

தூக்கமில்லை. ஆக்சிஜன் குழாய் சத்தத்தையே கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

கிளம்பும் முன் ஆறு மாதம் வீட்டில் குழுவோடா, தனியாகவா என்ற பேச்சு. நாமாகப் போவோம், சின்ன விடுதியில் தங்குவோம், அங்கோருக்கு மூன்று நாள் சீட்டு 62 டாலர், பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் போகலாம், மெதுவாகப் பார்ப்போம் என்று நான் கணக்கெழுதி வைத்திருந்தேன். முப்பத்தாறு வருஷம் பேங்க்கில் இருந்த இவர் ஒரே கேள்வி கேட்டார்: "பாஷை தெரியாத ஊர்ல ராத்திரி காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடுவ?" பையனும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டான். குழு என்றால் சமையற்காரர் கூடவே வருவார், பெட்டி தூக்க வேண்டாம், பேரம் பேச வேண்டாம். நான் விட்டுக்கொடுத்தேன்.

12ஆம் தேதி ராத்திரி காய்ச்சல் வந்தது. குழுவின் கெமர் வழிகாட்டிப் பையன்தான் ஓடி வந்தான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், டாக்டரிடம் அவர்கள் பாஷையில் பேசி, விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தனியாக வந்திருந்தால் அந்த ராத்திரி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதே குழுதான் இரண்டாம் நாள் எங்களை விட்டுவிட்டுப் போனது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு வரவில்லை.

ஜனவரி 16

காய்ச்சல் 101. நாலு ஸ்பூன் கஞ்சி இறங்கியது.

ஜனவரி 17

அந்தக் கஞ்சியைக் கண்டுபிடித்தது நான்தான், எழுதி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி கேண்டீனில் எல்லாவற்றிலும் இறைச்சி. தெருவில் இறங்கினேன். இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மா பெரிய அலுமினியப் பானையில் அரிசிக்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பபோர் என்கிறார்கள். "ஓட் சாச்" என்றால் இறைச்சி வேண்டாம் என்று நர்ஸ் பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். மூன்று தடவை சொன்ன பிறகு அந்த அம்மாவுக்குப் புரிந்தது. என் டாலர் நோட்டின் ஓரத்தில் சின்னக் கிழிசல். கிழிந்த டாலரை இந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை. வேறு நோட்டு கொடுத்தேன். மீதியை ரியல் நோட்டுகளாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். நான்கு நாளில் நோயைப் பற்றி இல்லாமல் ஒருவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

இவர் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். எவ்வளவு சந்தோஷம்!

ஜனவரி 19

இன்று பன்டியாய் ஸ்ரே கோயிலுக்குப் போய்வந்தேன். தனியாக.

எங்கள் டூரில் அது கிடையாது. அங்கோர் வாட், பாயோன், தா புரோம், ஒரே நாள், முடிந்தது. அங்கோர் வாட்டில் பாற்கடல் கடையும் சிற்பம் கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். அதற்குப் பன்னிரண்டு நிமிஷம். ஆனால் அங்கே மேற்கு வாசலில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணின் சிற்பத்தை அந்த வழிகாட்டிப் பையன் காட்டினான். அவன் இல்லாமல் போயிருந்தால் ஒரு வாரம் சுற்றியும் அதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

நான் பிறந்தது காரைக்காலில். அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசும் மாம்பழத்துக்குப் பாட்டி முந்தானையை விரித்து நிற்பாள். காரைக்கால் அம்மையார் சிலை கம்போடியாவில் இந்தக் கோயிலில் இருக்கிறது என்று எங்கோ படித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பயணமே அதற்காகத்தான். இவரிடம் அதைச் சரியாகச் சொன்னேனா என்று இப்போது தோன்றுகிறது. "பிரயாணத் திட்டத்துல இல்லையே" என்றார், நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று ராத்திரி அவரே ஆரம்பித்தார். "போய்ட்டு வா. இங்க உக்காந்து என் மூச்சை எண்ணிக்கிட்டிருக்காத."

மறுபடி 37 டாலர், ஒருநாள் சீட்டு. டுக்-டுக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் பனைமரம், காய்ந்த வயல், வாசலில் பனைவெல்லம் காய்ச்சும் அடுப்பு. காரைக்காலிலிருந்து நாகூர் போகிற மாதிரியே இருந்தது. பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

கோயில் சின்னது. அரசன் கட்டியதல்ல, யக்ஞவராகர் என்ற அரசவை அந்தணர் 967இல் எழுப்பியது. இளஞ்சிவப்புக் கல்லை மரம்போலக் குடைந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் தேடினேன். சிவன் தெரிகிறார், நரசிம்மர் தெரிகிறார், கைலாயத்தை உலுக்கும் ராவணன் தெரிகிறான். அம்மையார் மட்டும் இல்லை. வெயில் ஏறியது. போனில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, கண் சிற்பத்தில் நிற்கவே இல்லை.

ஒரு பிரெஞ்சுக் குழு வந்தது. கொடி, தொப்பி, எல்லாம் நாங்கள் வந்த மாதிரியேதான். ஒரு வார்த்தையும் புரியாத பேச்சுக்கு நடுவில் "காரிகால்" என்று காதில் விழுந்தது. திரும்பினேன். அந்த வழிகாட்டியின் விரல் கிழக்குக் கோபுர வாசலுக்கு மேலே நீண்டிருந்தது. பத்துக் கைகளுடன் ஆடும் சிவன். காலடியில் வற்றிய முலைகளோடு, எலும்பாக, ஒரு சின்ன உருவம். ஏற்கெனவே நாலு தடவை அதற்கடியில் நான் நடந்திருக்கிறேன்.

குழு நகர்ந்துவிட்டது. நான் நின்றேன். பயந்துபோய்ப் புருஷன் விட்டுப்போன பெண். எனக்கு அழகே வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, இத்தனை கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறாள். பாட்டி பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவசரப்படுத்த யாருமில்லை. காட்டவும் யாருமில்லை. "அங்க பாருங்க" என்று சொல்ல வாய் திறந்து, பக்கத்தில் இவர் இல்லை என்பது உறைத்தது.

திரும்பும்போது இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "கிடைச்சாங்களா?" என்றார்.

ஜனவரி 20

இருமல் கூடியிருக்கிறது. நேற்று போயிருக்கக் கூடாது.

ஜனவரி 23

டாக்டர் அனுமதித்துவிட்டார். புது விமான நிலையம் ஊரிலிருந்து வெகுதூரம். வழியில் கஞ்சிக்கார அம்மாவிடம் நிறுத்தச் சொன்னேன். இரண்டு பெட்டிகளையும் நானே இறக்கினேன், நானே ஏற்றினேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 9, கும்பகோணம்

பையன் பாலி டூர் விவரம் அனுப்பியிருக்கிறான். சமையற்காரர் உண்டு. இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு என் படம் அச்சடித்த அங்கோர் சீட்டை அலமாரியிலிருந்து எடுத்து, "அந்த 62 டாலர் சீட்டு இன்னும் அதே விலைதானா?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் பார்க்கவில்லை. ராத்திரியில் இன்னும் இருமுகிறார்.