கொதிக்கும் கேமிங் கணினி

அந்த மாணவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அப்பா சீட்டு எடுத்த பணத்தில் வீட்டுக்கு ஒரு கேமிங் கணினி வந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு, பெட்டியின் மேல் 'கோர் ஐ7-13700, 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை' என்று பெரிய எழுத்து. தனித்தனியாக பாகம் வாங்கி அசெம்பிள் செய்தால் ஏதாவது தப்பாகிவிடும், கம்பெனியே பூட்டி அனுப்பினால் நிம்மதி என்பது அப்பாவின் எண்ணம். நியாயமான எண்ணம்தான்.

விளையாட்டைத் திறந்தால் முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடும். அதன்பின் படம் விட்டு விட்டு வரும். உள்ளே ஃபேன் மிக்ஸி மாதிரி இரையும். இன்டர்நெட் சரியில்லை என்று நினைத்தான். விளையாட்டில் கோளாறு என்று நினைத்தான். விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போட்டான். இரண்டு வாரம் போனது. கடைசியில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிராசசரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ்!

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தான். பதில் உடனே வந்தது.

"100 டிகிரி வரைக்கும் தாங்குற பிராசசர்தான் தம்பி. சிஸ்டம் ஆஃப் ஆகலயே? அப்போ ஒண்ணும் பிரச்சினை இல்ல."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

ஏன் ஆஃப் ஆகவில்லை?

2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பிராசசர் மேலிருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். அன்றைய ஏஎம்டி அத்லான் புகைந்து செத்தது. இன்டெல் பென்டியம் 4 சாகவில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

இன்று எல்லா பிராசசரிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. வெப்பம் எல்லையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். இதற்குப் பெயர் தெர்மல் திராட்லிங். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. முன்பெல்லாம் கூலர் போதவில்லை என்றால் கணினி நின்றுவிடும், வாங்கியவர் கடைக்காரரிடம் சண்டை போடலாம். இப்போது கணினி நிற்பதில்லை, மெதுவாகிறது. வாங்கியவருக்குத் தான் ஏமாந்தது தெரிவதே இல்லை.

65-ஆ, 219-ஆ?

பிராசசர் சாப்பிடும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 2023-ல் வந்த ஐ7-13700-க்கு இன்டெல் இரண்டு அளவுகளைக் கொடுத்திருக்கிறது. அடிப்படை மின்திறன் 65 வாட். முழு வேகத்தில் ஓடும்போது அதிகபட்சம் 219 வாட்.

பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல், தபால்தலை அளவுகூட இல்லாத ஒரு சிலிக்கான் துண்டிலிருந்து கிளம்பினால் எப்படி இருக்கும்?

கம்பெனி எந்த எண்ணைப் பார்த்து கூலர் வைக்கிறது என்பதில்தான் சூட்சுமம். விற்பதற்கு 5.2 கிகாஹெர்ட்ஸ். கூலர் வைப்பதற்கு 65 வாட். அந்த 65 வாட்டுக்கு உரிய அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ்தான்! துணிக்கடை வாசலில் '50 சதவீதம் வரை தள்ளுபடி' என்று எழுதியிருப்பார்களே, அந்த 'வரை'தான் இந்தப் பெட்டியிலும் இருக்கிறது.

விளம்பரத்தைப் பாருங்கள். பிராசசருக்கு ஒரு வரி, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வரி, ராமுக்கு ஒரு வரி. கூலருக்கு வரியே இருக்காது. விளம்பரத்தில் வராத பொருளில் செலவைக் குறைத்தால் யாருக்குத் தெரியும்?

கூலர் மட்டும் குற்றவாளி அல்ல. கேபினெட்டின் முன்பக்கத்தை அழகுக்காகக் கண்ணாடியால் மூடிவிடுகிறார்கள். அதன் பின்னால் ஃபேன் சுற்றுகிறது, இழுக்கக் காற்று இல்லை. ஆர்டிஎக்ஸ் 4070 போன்ற ஒரு கிராபிக்ஸ் கார்டு 200 வாட் வரை எடுத்து, அந்தச் சூட்டையும் அதே பெட்டிக்குள் கொட்டுகிறது. பிராசசரின் கூலர் அந்தச் சுடுகாற்றை வாங்கித்தான் பிராசசரைக் குளிர்விக்க வேண்டும். இதோடு வெயில் காலத்து அறையும் சேர்ந்துகொள்கிறது. ஏசி அறையில் 25 டிகிரியில் சோதித்த கணினியை 35 டிகிரி அறையில் வைத்தால், உள்ளேயும் கிட்டத்தட்ட அந்தப் பத்து டிகிரி ஏறும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வெப்பம் அதிகம் என்பதை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை. 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசசர்கள், முழுப் பளுவில் 95 டிகிரியைத் தொடும்படியே வடிவமைக்கப்பட்டவை. பார்க்க வேண்டியது வெப்பத்தோடு சேர்த்து வேகத்தையும். அரை மணி நேரம் விளையாடியபின் வேகம் சரிந்து, மென்பொருளில் தெர்மல் திராட்லிங் நடந்ததாகக் காட்டினால், கூலிங் போதவில்லை என்று அர்த்தம்.

பிறகு ஒரு எளிய சோதனை. கணினியை அணைத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்காமல் அதே விளையாட்டை ஓட்டுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் இல்லை. இறங்கவே இல்லையென்றால் கூலர் சின்னது, அல்லது அது சரியாக உட்காரவில்லை, அல்லது தெர்மல் பேஸ்ட் சரியில்லை.

அந்த மாணவனும் கதவைக் கழற்றினான். 11 டிகிரி இறங்கியது. பெரிய கூலர் வாங்கி மாட்டலாம் என்று பார்த்தால், அந்த மதர்போர்டு கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட வடிவம், கடையில் விற்கும் கூலர் எதுவும் பொருந்தவில்லை. உள்ளே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றும் சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் விண்டோஸின் பவர் ஆப்ஷனில் பிராசசரின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக மாற்றினான். ஒரு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். அப்படி வைத்தால் டர்போ வேகம் நின்றுவிடும். பிராசசர் 2.1 கிகாஹெர்ட்ஸோடு நின்றுகொண்டது. வெப்பம் 70-க்கு வந்தது. ஃபேன் சத்தம் அடங்கியது. விளையாட்டு முன்பைவிட மெதுவாக, ஆனால் திணறாமல் ஓடியது.

5.2-க்குப் பணம் கட்டி வாங்கியதை, அவன் கையாலேயே 2.1-ல் கட்டிப்போட்டான்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கூலர் என்ன மாடல்? டவர் கூலரா, மதர்போர்டு மேல் படுத்திருக்கும் சின்ன கூலரா? முன்பக்கம் வலையா, மூடிய கண்ணாடியா? காற்றை உள்ளே இழுக்க எத்தனை ஃபேன், வெளியே தள்ள எத்தனை? மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கடையில் கிடைக்கும் வழக்கமான அளவுதானா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில், ஐ7-க்குப் பதில் ஐ5 எடுத்து, மிச்சப் பணத்தில் நல்ல கூலரும் காற்று புகும் கேபினெட்டும் போட்டுத் தரும் கடையைத் தேடுவது புத்திசாலித்தனம். குளிர்ச்சியாக ஓடும் ஐ5, கொதித்துத் திணறும் ஐ7-ஐ விளையாட்டில் முந்திவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த அறைக்குள் வந்தார். கட்டிலுக்கு அடியில் கண்ணாடிக் கதவு கிடந்தது.

"புதுப் பெட்டியை ஏன்டா திறந்து போட்டிருக்க?"

"காத்து வரட்டும்னுதான்ப்பா."

"நல்லா ஓடுதுல்ல?"

"நல்லா ஓடுதுப்பா."

சீட்டுக்கு இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி இருந்தது.