இரவல் மெட்டு

நாடறிந்த மெட்டில் தம் சொற்களை இட்டு, நண்பரோடு பாடிக் கைப்பேசியில் பதிந்து, கேட்டுச் சிரிப்பது இன்றைய இளையோரின் வாடிக்கை. வெறும் கேலிக்கூத்து என்று பெரியோர் அதனை ஒதுக்குவர். ஆயினும் அவ்விளையாட்டின் வேர் ஆழமானது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டில் விடுதலைப் பாடல் புனைந்தவர் மகாகவி பாரதியார்.

தேனி மாவட்டத்தில் மலையேறும் வழிக்கும் மெட்டு என்றே பெயர். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியே ஏலமலை ஏறினால் மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களை அடையலாம். அங்கு உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழர். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலின்போது பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் அவர்களிடையே பாடினார். மக்கள் அறிந்த திரைப்பட மெட்டுகளில் தம் சொற்களை இட்டுப் பாடுவது அவர் வழக்கம். செவிக்குப் பழகிய மெட்டைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. எழுத்தறியாதவரும் இரண்டாம் முறை உடன் பாடிவிடுவர். நகைக்கத் தொடங்கியவர் தம் உழைப்பையும் கூலியையும் எண்ணிப் பார்க்கவும் தொடங்குவர். பாவலர் ஆதரித்த வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் அத்தேர்தலில் வென்றார்.

அண்ணனின் குழுவில் பாடியும் இசைத்தும் ஊர் ஊராகச் சென்ற இளவலே இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வாயிலாக அவர் தம் சொந்த மெட்டுகளோடு அறிமுகமானார். மறு ஆண்டே, அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜா முதன்முதலாக இயக்கிய ‘16 வயதினிலே’ படத்திற்கும் இசையமைத்தார்.

மெட்டை இரவல் வாங்கலாம். சொல் நம்முடையதாக, நம்மவர் வாழ்வைப் பேசுவதாக இருத்தல் வேண்டும்.