ஒரு கிண்ணத் தேநீர்

‘மச்சா’ என்றதும் யாரோ மச்சானை அழைக்கிறார்கள் என்று வாசக அன்பர்கள் எண்ணிவிடலாகாது. அது யப்பானியர் அருந்தும் பச்சைத் தேயிலைத் தூளின் பெயர். யப்பானில் தொழில் பார்க்கும் எமது பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் கிளிநொச்சிக்கு வந்தபோது, சிறு தகரப் பெட்டியொன்றில் அதைக் கொணர்ந்து தந்தார். ஆசிரியனுக்கு இதனினும் மேலான செல்வம் வேறென்ன வேண்டும்!

ஆயினும் முதல்நாள் நாம் ஆக்கிய தேநீரை வாயில் வைக்க முடியவில்லை. கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றிக் கரண்டியாற் கலக்கினோம். தூள் கட்டி கட்டியாக மிதந்தது. “இதற்கு வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்திருக்கலாமே!” என்றார் மனைவியார். பிழை தூளில் இல்லை, எம்மிடமே என்பது பின்னரே தெளிவாயிற்று.

சாதாரண தேயிலையில் சாயத்தை இறக்கிக்கொண்டு இலையை எறிந்துவிடுகிறோம். மச்சாவிலோ இலை முழுவதையுமே அருந்துகிறோம். கொழுந்து பறிப்பதற்கு ஏறத்தாழ 3 வாரங்களுக்கு முன்னரே செடிகளின் மேல் பந்தலிட்டு வெயிலை மறைப்பர். நிழலில் வளரும் கொழுந்து கடும்பச்சையாகும். அதில் துவர்ப்புக் குறைந்து சுவை கூடும். அதனை ஆவியில் அவித்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திரிகையில் மெல்ல மெல்ல அரைப்பர். ஒரு திரிகை ஒரு மணி நேரத்தில் 40 கிராம் அளவே அரைக்குமாம்.

இம்முறை நாமும் பொறுமையைக் கைக்கொண்டோம். எமது கிணற்று நீர், கேத்தலின் அடியில் வெண்படலம் படியச் செய்யும் வன்னீர். ஆகவே மாரி மழையிற் பிடித்து வைத்த நீரையே காய்ச்சினோம். கொதித்த நீரைப் பாத்திரம் மாற்றி ஆற்றி, 80 பாகை செல்சியசு அளவுக்கு இறக்கினோம். 2 கிராம் தூளைத் தேநீர் வடியில் அரித்துக் கிண்ணத்தில் இட்டு, 70 மில்லிலீற்றர் நீர் வார்த்தோம். யப்பானியர் மூங்கிலைக் கீறிச் செய்த துடைப்பம் போன்ற கருவியால் அடிப்பர். எம்மிடம் அது ஏது? தென்னீர்க்குகளைக் கழுவி அவித்துக் கட்டாகக் கட்டித் தந்தாள் மகள். வட்டமாகக் கலக்காமல், மணிக்கட்டை விரைவாக முன்னும் பின்னும் அசைத்து அடிக்கவே, பச்சை நுரை பொங்கி எழுந்தது.

அவ்வேளை, முற்றத்துப் புல் செருக்கிக்கொண்டிருந்த ஆச்சி தலை நிமிர்ந்தார். “கொழுந்து வாசம் வருதுங்களே ஐயா!” என்றார். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது, மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர் அவர். சிறுமியாகக் கூடை சுமந்து கொழுந்தெடுத்தவர். தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, “நல்ல இலையெல்லாம் கப்பலேறிப் போயிரும். எங்களுக்குக் கடைசியா விழுற தூளுதான். இங்க நல்ல இலையையே தூளாக்கிட்டாங்களே!” என்று வியந்தார்.

எமக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. மலைநாட்டுக்கு வந்த தொழிலாளரின் முன்னோரில் எத்தனையோ பேர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாக மாத்தளைக்கு நடந்தே சென்றவர்கள். வழியிலேயே மாண்டவர்களும் பலர். 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைத் தொழிலை வளர்த்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு, 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. இவற்றையெல்லாம் வகுப்பில் நாம் கற்பிக்கிறோம். ஆனால் ஆச்சிக்கு எம் வீட்டில் தேநீர் கொடுப்பது கோடிப்புறத்தில், அவருக்கென ஒதுக்கிய பேணியில்! எமது தாயார் காலத்து வழக்கம். நாம் மாற்ற முனையவேயில்லை.

யப்பானியத் தேநீர்ச் சடங்கில், தடித்த மச்சாவை விருந்தினர் அனைவரும் ஒரே கிண்ணத்தில் முறைமுறையாக அருந்துவர். 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியு வகுத்த தேநீர்க் குடிலுக்குள், எவராயினும் குனிந்தே நுழைய வேண்டும். இதனைச் சற்று முன்னர்தான் மகளுக்குப் பெருமையாக விளக்கியிருந்தோம். அவள் எம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆச்சியை உள்ளே அழைத்து அமர்த்தினோம். யப்பானியர் இனிப்பை முதலில் உண்டு பின் தேநீர் பருகுவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்து வளர்ந்த எமக்கு அது புதிதன்று. பனங்கட்டித் துண்டொன்றைக் கொடுத்துக் கிண்ணத்தை நீட்டினோம். அவர் கூசியவாறே குடித்துத் திருப்பித் தந்தார். வாங்குகையில் எம் கை ஒரு கணம் தயங்கிற்று. அதை மறைப்பதில் பயனில்லை. பின் குடித்தோம். மனைவியாரும் மகளும் குடித்தனர்.

“எப்படி ஆச்சி?” என்றாள் மகள்.

“வாசம் நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா நம்ம சாயத்தண்ணிக்கு ஈடாகுமா?”

எல்லோரும் சிரித்தோம். மறுநாள் முதல் ஆச்சி கேட்ட சாயத்தண்ணியே காய்ச்சுகிறோம். எல்லோருக்கும் ஒரே வகைக் குவளையில், முன் விறாந்தையில். கோடிப்புறத்துப் பேணியை அன்றே அகற்றிவிட்டோம். அதைப் பெருமையாக எழுதவில்லை. தூளை அரிக்கவும் நீரை ஆற்றவும் சில நாட்களிற் கற்றுக்கொண்ட எமக்கு, இந்தச் சிறு காரியத்தைக் கற்க நாற்பது வயது கடக்க வேண்டியிருந்ததே என்ற வெட்கத்துடனேயே எழுதுகிறோம்.