நம்ம ஊர் பேர் வந்துச்சா?

பட்ஜெட் உரையை நீங்க கடைசியா எப்போ முழுசா கேட்டீங்க? மீம் பார்த்ததைச் சொல்லலை. நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கேன். 2024 ஜூலை 23.

எங்க ஊர் ஆர்.கே.பேட்டை. வீட்டுக்குள்ளேயே நாலு விசைத்தறி, கூலிக்கு நெய்யறோம். தறிச் சத்தத்துல எதுவும் கேக்காது. இயர்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன்.

ஆந்திராவின் தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய் என்றார் நிர்மலா சீதாராமன். எங்க ஊர்லேர்ந்து கொஞ்ச தூரம் போனாலே ஆந்திர எல்லைதான். ஆனா தமிழ்நாடு என்ற பெயர் உரையில் வரவே இல்லை. காலேஜ் குரூப் கொதிச்சது. நானும் ரெண்டு மீம் போட்டேன். பெயர் வராததால் பணம் வராது என்று அர்த்தமில்லை, முந்தைய ஆட்சிகளின் உரைகளிலும் பல மாநிலங்களின் பெயர் இல்லை என்று ஜூலை 30 அன்று மக்களவையில் அமைச்சர் பதில் சொன்னார். குரூப் மறுபடியும் கொதிச்சது.

அப்பா அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கிட்டே கேட்டாரு: "பேரு கெடக்கட்டும்டா. தறிக்காரனைப் பத்தி அங்க பேசுவாங்களா?"

எனக்குப் பதில் தெரியலை. தேடிப் படிச்சேன்.

உரை வெறும் அறிவிப்புதான். அதுக்கப்புறம் ஒவ்வொரு அமைச்சகமும் எவ்வளவு பணம் வேணும்னு மானியக் கோரிக்கை வைக்கும். அதுல சிலதை மட்டும் எடுத்துப் பேசுவாங்க. நேரம் முடிஞ்சதும் மீதி எல்லாத்தையும் மொத்தமா ஓட்டுக்கு விட்டுடுவாங்க. இதுக்குப் பேரு கில்லட்டின். ஆமா, பிரான்ஸ்ல தலையை வெட்டின அதே மெஷினோட பேருதான்!

2023 மார்ச் 23 அன்று ரெண்டு பக்கமும் ஒரே கூச்சல். அத்தனை மானியக் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல் மக்களவை நிறைவேற்றியது. அந்த வருஷ பட்ஜெட் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். ஜவுளி அமைச்சகமும் அதுல ஒண்ணு. 2018லயும் இதே கதைதான்.

இன்னொண்ணும் தெரிஞ்சது. "இந்த அமைச்சகத்துக்கு 100 ரூபாய் குறைங்க" என்று ஒரு எம்.பி. வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அந்த 100 ரூபாய் முக்கியமில்லை. அதைச் சாக்கா வெச்சு ஒரு ஊரோட குறையை அவையில சொல்லலாம். விவாதமே நடக்கலைன்னா அந்த வாய்ப்பும் போச்சு.

அப்பாகிட்ட சொன்னேன். "ஓஹோ"ன்னாரு, அவ்வளவுதான். தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு தறியை எடைக்குப் போட்டோம். நூல் விலை ஏறுது, கூலி ஏறலை. டெல்லியில பேசியிருந்தா அந்தத் தறிகள் நின்னிருக்கும்னு நான் சொல்ல வரலை. பேசிட்டு முடியாதுன்னு சொல்றது வேற, பேசாமலே முடிச்சுடறது வேற. நாங்க மீம் போட்டு சண்டை போட்டது பேருக்காக. இதுக்காக ஒரு மீம்கூட போடலை.

அடுத்த தடவை உரையோட நிறுத்தாதீங்க. எந்தெந்த அமைச்சகத்தை விவாதத்துக்கு எடுத்தாங்கன்னு பாருங்க. உங்க ஊர்த் தொழில் அதுல இல்லைன்னா, கட்சி பார்க்காம உங்க எம்.பி.க்கு ஒரு லெட்டர் போடுங்க: "எங்களுக்காக ஒரு 100 ரூபாய் வெட்டுத் தீர்மானமாவது கொடுங்க."

என் லெட்டர் ரெடி. அப்பா கையெழுத்தும் வாங்கிட்டேன்.