உப்பைத் தின்ன கார் தண்ணி குடிக்கணும்!

'உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்'னு பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. மனுஷனுக்குச் சொன்ன இந்தப் பழமொழி அப்படியே காருக்கும் பொருந்தும்னு சொன்னா நம்புவீங்களா பாஸ்? நம்பலைன்னா, ஏப்ரல் மாசம் ஒரு தடவை டொரன்டோ பக்கம் வாங்க. தெருவுக்குத் தெரு கார் குளிச்சுக்கிட்டு இருக்கும்!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் ஜனவரியில் இங்கே வந்து இறங்கினேன். சொந்த ஊர் தூத்துக்குடி. உப்புக் காத்தில் சைக்கிள் செயின் துரு பிடிக்கிறதைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால், இந்தக் கதை எனக்குக் கிட்டத்தட்ட சொந்தக் கதை.

கதை என்னன்னா... கனடாவில் பனி விழுந்தால் ரோட்டில் உப்பைக் கொட்டுவாங்க. ஒண்ணு ரெண்டு மூட்டை இல்லை. நாடு முழுக்க ஒரு குளிர்காலத்துக்குச் சுமார் 50 லட்சம் டன்! டொரன்டோ இருக்கிற அதே ஒன்டாரியோ மாகாணத்தில் கோடரிச்னு ஒரு ஊர். அங்கே ஹூரான் ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கீழே இருப்பதுதான் உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். நம்ம ஊரில் வெயிலில் காய வைத்து எடுக்கிறதை, இங்கே பாதாளத்தில் இருந்து வெட்டி எடுக்கிறாங்க.

உப்பு கலந்தால் தண்ணி உறையும் வெப்பநிலை இறங்கும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் படிச்சிருப்போம். சரியான விகிதத்தில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் உறையாது. ரோட்டுக்கு நல்லது. காருக்கு? சக்கரம் வாரி அடிக்கிற அந்த உப்புத் தண்ணி முழுக்க வண்டிக்கு அடியில் போய் அப்பிக்குது. இடுக்கு, மடிப்பு, போல்ட் சந்துன்னு ஒரு இடம் பாக்கி இல்லை.

வசந்தம்தான் வில்லன்!

இங்கேதான் ட்விஸ்ட். கடுங்குளிரில் துரு அவ்வளவு வேகமாகப் பரவாது. எந்த ரசாயன வினையும் குளிரில் சோம்பேறி. பனி உருகி, வெயில் வந்து, நாம ஜாக்கெட்டைக் கழற்றி 'அப்பாடா'ன்னு சொல்ற நேரத்தில்தான் ஈரம், உப்பு, கதகதப்பு மூணும் ஒண்ணா சேருது. நமக்கு சீசன் முடியுது, துருவுக்கு சீசன் ஆரம்பிக்குது!

இதை எனக்குச் சொன்னது புரொஃபஸர் இல்லை, எங்க வீட்டுக்காரர். ஸ்கார்பரோவில் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் குடியிருக்கேன். யாழ்ப்பாணத்துக்காரர். தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட். பன்னிரண்டு வருஷப் பழைய கார் ஒண்ணு வைத்திருக்கிறார். அவர் பொண்ணுக்கு என் வயசுதான், காலேஜில் படிக்கிறாள். இப்போதான் ஜி2 லைசென்ஸ் எடுத்தாள். ஹைவேயில் தனியாக ஓட்ட அனுமதி கிடைச்சாச்சு. மே மாசத்தில் இருந்து சம்மர் வேலைக்கு 401 நெடுஞ்சாலையில் இதே காரில்தான் போகப் போறாள்.

''வெயில் எறிச்சாப் போல கார் சுகமாகாது தம்பி. வாரும், வேலை கிடக்கு'' என்று ஒரு சனிக்கிழமை காலையில் கூப்பிட்டார் அங்கிள்.

ரவுண்டு 1: தண்ணி

காசு போட்டால் தண்ணி பீய்ச்சுற வாஷிங் பே இங்கே நிறைய உண்டு. எல்லாரும் மேலே நுரை பூசி முடிச்சுடுவாங்க. அங்கிள் முதல் ஐந்து நிமிஷம் அடியில் மட்டுமே அடிச்சார். சக்கர வளைவுக்கு உள்ளே, கதவுக்குக் கீழ்ப் பட்டையில், எல்லா இடத்திலும். கதவோட அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே போற தண்ணி வெளியே வர்ற வழி. சேறு அடைத்தால் கதவு உள்ளுக்குள்ளேயே அழுகும். உள்ளே கார்ப்பெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்த உப்புக் கறைக்கு வினிகரும் வெந்நீரும் சரிசமமாகக் கலந்து துடைச்சோம். ஊறுகாய் ஜாடிக்குள் உட்கார்ந்த மாதிரி வாசனை. ஆனா கறை காலி!

ரவுண்டு 2: டயர்

குளிர்காலத்துக்குன்னே தனி டயர் இருக்கு. மலைக்கு உள்ளே பனித்துகள் படம் போட்டிருக்கும். அதோட ரப்பர் ரொம்ப மிருது. 7 டிகிரிக்குக் கீழே நல்லாப் பிடிக்கும், வெயில் ரோட்டில் சீக்கிரம் தேயும். அதனால மாத்தியாகணும். கழற்றினதும் எது எந்தச் சக்கரம்னு சாக்பீஸால் எழுதி வைங்க. அடுத்த சீசனில் தேடாம இருக்கலாம். மாட்டின பிறகு நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டை மறுபடி முறுக்கிப் பார்க்கணும்.

காத்து விஷயத்தில் ஒரு கணக்கு. மைனஸ் 15-ல் 32 பி.எஸ்.ஐ. காத்து அடிச்ச டயர், ப்ளஸ் 15 டிகிரியில் என்ன காட்டும்? வெப்பநிலையை கெல்வினுக்கு மாத்துங்க, வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட மறக்காதீங்க. விடை 37 சொச்சம். அதனால சீசன் மாறினால், டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துக் காத்தைச் சரி பண்ணணும்.

ரவுண்டு 3: சில்லறை வேலைகள்

பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த தூளை, சமையல் சோடா கரைத்த தண்ணியால் கழுவினோம். ஐஸைச் சுரண்டிச் சுரண்டிக் கிழிந்த வைப்பர் ரப்பரை மாத்தினோம். கண்ணாடி கழுவ மைனஸ் 40 வரை உறையாத நீல திரவம் ஊத்தியிருந்தது. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டுற ஒரே இடம் இந்த மைனஸ் 40-தான், வைவாவுக்கு உதவும்! இனி அது வேண்டாம், பூச்சிக் கறை போக்குற கோடைக்கால திரவம் போதும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்க. குளிருக்குப் பயந்து எலி குடும்பம் நடத்தியிருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

ரவுண்டு 4: அடியில்

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. அதனால அங்கிளுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரிடம் போய், வண்டியை லிஃப்ட்டில் ஏத்தினோம். போன மாசம் ஆயில் மாத்தின கடையில் 'எல்லாம் ஓகே' என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க. பிரேக் மிதித்தாலும் வித்தியாசம் தெரியலை.

டார்ச் அடிச்ச மெக்கானிக், பின்சக்கரம் பக்கம் போனதும் நின்னுட்டார். பிரேக் பைப் மேலே துரு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டார். ஈரம். கழுவின தண்ணி இல்லை, பிரேக் ஆயில்.

அந்த பைப் பென்சிலைவிட மெல்லிசு. சுவரோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அவசரத்தில் ஓங்கி மிதிக்கிறப்போ, டயர்க் காத்தைப் போல பல பத்து மடங்கு அழுத்தத்தை அது தாங்கணும். பாஸ்கல் விதி படிச்ச நமக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். சாதாரணமாக மிதிக்கும்போது சமாளிக்கும் பைப், ஓங்கி மிதிக்கிற அந்த ஒரு நாளில்தான் வெடிக்கும். பிரேக் ரெண்டு சர்க்யூட்டாகப் பிரிஞ்சிருப்பதால் முழுசா போகாது. ஆனா வண்டி நிற்க ரொம்ப தூரம் எடுக்கும். 401-ல் அந்தத் தூரம் கிடைக்குமா?

இது ஒரு காரோட கதை இல்லை. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையே, உப்பு போடுற மாநிலங்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடிப்பகுதியைக் கழுவி, பிரேக் பைப்பைச் சோதிக்கணும்னு எச்சரிக்கை விட்டது.

கதவில் இருந்த கீறலுக்கு பெயின்ட் அடிக்கத்தான் அங்கிள் காசு எடுத்து வைத்திருந்தார். மெக்கானிக் விலை சொன்னார். அங்கிள் கொஞ்ச நேரம் அந்த பைப்பையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்: ''பெயின்ற் பிறகு பாப்பம். இது பிள்ளை ஓடப் போற கார்.'' (யாழ்ப்பாணத் தமிழில் காரை 'ஓட்ட' மாட்டாங்க, 'ஓடு'வாங்க!)

துரு பிடிச்ச இரும்பு பைப் போய், செம்பு-நிக்கல் பைப் வந்தது. உப்பு இதை அவ்வளவு சுலபமாகத் தின்ன முடியாது. கதவில் கீறல் அப்படியே இருக்கு. பொண்ணு அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை.

எம்.எஸ். படிக்கக் கிளம்பும் சீனியர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர் தேசத்தில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால், பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க. அடியில் புதுசாகக் கறுப்புப் பூச்சு தெரிந்தால் இன்னும் ஜாக்கிரதை. துருவை மறைக்கவும் அதைப் பூசுவாங்க. லிஃப்ட்டில் ஏத்திக் காட்ட மாட்டேன்னு சொல்றவர்கிட்ட வண்டியே வேண்டாம். சென்னை, தூத்துக்குடி கடற்கரையோரம் பைக் வைத்திருக்கும் மக்களே, உங்களுக்கும் இதே உப்புதான், இதே கெமிஸ்ட்ரிதான்.

கார் வாங்கணும்னா குனிஞ்சு பாருங்க. இந்த ஒரு விஷயத்தில் தலை குனியறதில் தப்பே இல்லை பாஸ்!