ஹேப்பி வேலி: குதிரைக்கு முன்னால் ஓடும் எண்கள்

புதன்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால், ஹாங்காங் தீவில் ‘ஹேப்பி வேலி’ என்று பலகை மாட்டிய டிராம்களில் கால் வைக்க இடம் இருக்காது. 1904-ல் இருந்து ஓடிக்கொண்டிருக்கும் டிராம் சேவை அது. மாடி வைத்த ஒல்லியான வண்டிகள், மணியடித்தபடி கடைத்தெருக்களுக்கு நடுவே ஊர்ந்து வரும். அலுவலகம் விட்டு வந்தவர்கள், மடித்த செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிய தாத்தாக்கள், ஊர் சுற்ற வந்த வெளிநாட்டவர்கள் என எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள்.

சுற்றிலும் வானத்தை முட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். நடுவே, விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை. அதுதான் ஹேப்பி வேலி குதிரைப் பந்தயத் திடல். உள்ளூர்க்காரர்கள் இந்தப் பகுதியை ‘பாவ் மா தேய்’ என்கிறார்கள். குதிரை ஓடும் இடம் என்று அர்த்தம். பொது நுழைவுக் கட்டணம் 10 ஹாங்காங் டாலர். நம் பணத்தில் நூறு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

சதுப்பு நிலம், கல்லறைகள், ஒரு பெருந்தீ

1841-ல் ஆங்கிலேயர்கள் ஹாங்காங்கில் கால் வைத்தபோது இது சதுப்பு நிலம். இங்கே முகாமிட்ட சிப்பாய்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். மலையும் கடலுமாக இருந்த தீவில் குதிரை ஓடுவதற்குச் சமதரை வேறு எங்கும் அகப்படவில்லை. சதுப்பைத் தூர்த்துச் சரிசெய்து, 1846-ல் முதல் பந்தயத்தை நடத்திவிட்டார்கள்.

திடலுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் வரிசையாகக் கல்லறைத் தோட்டங்கள். முஸ்லிம்களுக்கு ஒன்று, கத்தோலிக்கர்களுக்கு ஒன்று, பழைய ஆங்கிலேயக் கல்லறை, பார்சிகளுக்கு ஒன்று. அருகிலேயே ஓர் இந்துக் கோயிலும் இருக்கிறது. ‘மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு’ என்ற பெயரே கல்லறையை நாசூக்காகச் சொல்ல வந்ததுதான் என்பார்கள்.

இந்தத் திடலுக்கு ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1918 பிப்ரவரி 26 அன்று, மூங்கிலும் பாயும் கொண்டு கட்டிய தற்காலிகப் பார்வையாளர் கொட்டகைகள் பாரம் தாங்காமல் சரிந்தன. கீழே இருந்த சாப்பாட்டுக் கடைகளின் அடுப்பு நெருப்பு பற்றிக்கொண்டது. சுமார் 600 பேர் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவிடம் பக்கத்து மலைச்சரிவில் இன்றும் இருக்கிறது.

அதன் பிறகும் பந்தயம் நிற்கவில்லை. 1997-ல் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போகும் என்று முடிவானபோது, ‘குதிரைகள் தொடர்ந்து ஓடும்’ என்று சீனத் தலைவர் டெங் ஷியோபிங்கே உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஊரில் பந்தயம் அவ்வளவு ஊறிப்போன விஷயம்.

பலகையில் இருப்பது ஜோசியம் அல்ல

உள்ளே நுழைந்ததும் கண்ணைப் பறிப்பது குதிரை அல்ல, பிரம்மாண்டமான மின்பலகை. ஒவ்வொரு குதிரையின் எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எண்: 4.1, 7.8, 16, 52. சில நொடிகளுக்கு ஒருமுறை அது மாறிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர்தான் ‘ஆட்ஸ்’.

புதிதாக வருபவர்கள், ‘இந்தக் குதிரை ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று நிபுணர்கள் கணித்துப் போட்டிருக்கிறார்கள்’ என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். உண்மை வேறு. அங்கே உட்கார்ந்து யாரும் கணிப்பதில்லை. மக்கள் எந்தக் குதிரை மேல் எவ்வளவு பணம் கட்டுகிறார்களோ, அதுதான் எண்ணாக மாறி நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பந்தயத்தில் எல்லோரும் சேர்ந்து கட்டிய தொகை 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாக, பந்தயத்தை நடத்தும் ஹாங்காங் ஜாக்கி கிளப் அதிலிருந்து 17.5 சதவீதத்தை எடுத்து வைத்துவிடும். மீதி 82,500 டாலர். மூன்றாம் எண் குதிரை மேல் 20,000 டாலர் விழுந்திருந்தால், 82,500-ஐ 20,000-ஆல் வகுக்க வேண்டும். விடை 4.1 சொச்சம். அந்தக் குதிரை ஜெயித்தால் 10 டாலர் கட்டியவருக்கு ஏறக்குறைய 41 டாலர் வரும். அதில் அவர் கட்டிய 10 டாலரும் அடக்கம்.

அதே பந்தயத்தில் ஒன்பதாம் எண் குதிரையை நம்பி 5,000 டாலர்தான் விழுந்திருக்கிறது என்றால் அதன் ஆட்ஸ் 16.5. அது மட்டமான குதிரை என்று இதற்கு அர்த்தமில்லை. அதை நம்பியவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மூன்றாம் எண் மேல் விழுந்தது மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நியாயப்படி ஒன்றுக்கு ஐந்து கிடைத்திருக்க வேண்டும். கிடைப்பதோ 4.1. எந்தக் குதிரை ஜெயித்தாலும் அந்த வித்தியாசம் கிளப்புக்குப் போய்ச் சேரும். திடலில் நிச்சய வெற்றி என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

கட்டிய பணத்தையெல்லாம் ஒரே பானையில் போட்டுப் பிரித்துக் கொடுக்கும் இந்த முறையை, 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் என்பவர் கொண்டுவந்தார். கிண்டியில் ரேஸ் பார்த்த பெரியவர்கள் ‘டோட்’ என்று சொல்வது இதைத்தான். இதில் இன்னொரு விஷயம்: பணம் கட்டும்போது பலகையில் பார்த்த ஆட்ஸ் கடைசிவரை நிற்காது. கவுன்ட்டர் மூடும்போது பானையில் என்ன நிலவரமோ, அதுதான் கணக்கு.

வின் முதல் டிரிபிள் டிரையோ வரை

பந்தயச் சீட்டு பள்ளித் தேர்வின் விடைத்தாள் மாதிரி இருக்கும். கட்டங்களில் கோடு போட்டு கவுன்ட்டரில் நீட்ட வேண்டியதுதான். 18 வயது ஆகாதவர்கள் பந்தயம் கட்ட முடியாது.

எளிமையானது ‘வின்’. சொன்ன குதிரை முதலில் வர வேண்டும். அடுத்தது ‘பிளேஸ்’. ஏழு குதிரைகளோ அதற்கு மேலோ ஓடினால், சொன்ன குதிரை முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்தால் போதும். வாய்ப்பு அதிகம், வரும் பணம் குறைவு.

‘குவினெல்லா’ என்றால் முதல் இரண்டு இடத்தில் வரும் குதிரைகளை, எது முன்னே எது பின்னே என்ற கவலை இல்லாமல் சொல்ல வேண்டும். ‘டிரையோ’ என்றால் முதல் மூன்று குதிரைகள். அதிலும் வரிசை முக்கியமில்லை. அதே மூன்றை வரிசை பிசகாமல் சொன்னால் அது ‘டியர்ஸ்’. மூன்று பந்தயங்களில் மூன்று டிரையோவையும் சரியாகச் சொல்வதற்குப் பெயர் ‘டிரிபிள் டிரையோ’.

பெயர் நீள நீளப் பரிசும் வீங்கும். கூடவே வாய்ப்பு எப்படித் தேய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஹேப்பி வேலியில் ஒரு பந்தயத்தில் அதிகபட்சம் 12 குதிரைகள் ஓடும். வின் பந்தயத்தில் சாத்தியங்கள் 12. குவினெல்லாவில் 66. டிரையோவில் 220. டியர்ஸில் 1,320. டிரிபிள் டிரையோவில் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல்!

கிளப் எடுக்கும் பங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வின் பந்தயத்தில் 17.5 சதவீதம் என்றால் டியர்ஸில் 25 சதவீதம். ஆசை பெரிதாக ஆக, கழிவும் பெரிதாகிறது.

கால்பந்துக்கு வேறு கணக்கு

2003-ல் இருந்து இதே கிளப் கால்பந்துப் பந்தயமும் நடத்துகிறது. இங்கே பானை முறை கிடையாது. ஆட்ஸை நடத்துபவரே முன்கூட்டி நிர்ணயிக்கிறார். சீட்டு வாங்கும்போது என்ன எண்ணோ, ஜெயித்தால் அதே எண்தான்.

உதாரணமாக ஒரு ஆட்டத்துக்கு, உள்ளூர் அணி ஜெயித்தால் 2.00, டிரா ஆனால் 3.20, வெளியூர் அணி ஜெயித்தால் 3.40 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 100-ஐ ஒவ்வொரு எண்ணாலும் வகுத்தால், அந்த விலையில் அடங்கியிருக்கும் வாய்ப்பு சதவீதம் தெரிந்துவிடும். 50, 31.25, 29.4. மூன்றையும் கூட்டினால் 100 வர வேண்டும். வருவதோ 110-க்கும் மேல். அந்த அதிகப்படியில்தான் நடத்துபவரின் லாபம் ஒளிந்திருக்கிறது.

நாட்டுக்கு நாடு எழுதும் விதம்தான் மாறும். ஹாங்காங்கில் 5.0 என்பதை இங்கிலாந்தில் ‘4-க்கு 1’ என்பார்கள். ஒரு பவுண்டு கட்டினால் லாபம் நான்கு, கட்டியது ஒன்று, ஆக மொத்தம் ஐந்து. அமெரிக்காவில் அதையே ‘பிளஸ் 400’ என்று எழுதுவார்கள். அதாவது, 100 கட்டினால் லாபம் 400. ‘மைனஸ் 200’ என்றால் 100 லாபம் பார்க்க 200 கட்ட வேண்டும். சட்டை மூன்று, உள்ளே இருப்பது ஒரே கணக்கு.

பலவீனமான அணிக்கு ஒன்றிரண்டு கோல்களை முன்கூட்டியே கையில் கொடுத்துப் பந்தயம் கட்டுவது ‘ஹேண்டிகேப்’. ஜெயிப்பது யாராக இருந்தாலும், மொத்த கோல்கள் குறிப்பிட்ட எண்ணுக்கு மேலா கீழா என்று சொல்வது இன்னொரு வகை.

அதிகம் பேரைச் சுண்டி இழுப்பது, பல ஆட்டங்களைக் கோத்துக் கட்டும் பந்தயம். ஹாங்காங்கில் அதற்குப் பெயர் ‘ஆல் அப்’. சரிக்குச் சரி வாய்ப்புள்ள மூன்று ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆட்ஸ் 1.9 என்றால், மூன்றையும் பெருக்க 6.86 வரும். பார்க்க அழகான எண்தான். நியாயமான விலை 8. தனித்தனியாகக் கட்டினால் நூற்றுக்கு ஐந்து கழிவு, கோத்துக் கட்டினால் நூற்றுக்குப் பதினான்கு! போதாததற்கு, மூன்றில் ஒன்று தவறினாலும் கட்டியது முழுக்கப் போச்சு.

ஜெயித்தவர்களும் உண்டு

‘அப்படியானால் யாருமே ஜெயித்ததில்லையா?’ என்று கேட்கலாம். ஜெயித்தவர் உண்டு. பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980-களில் ஹாங்காங்குக்கு வந்தார். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கி என எல்லாத் தகவலையும் கணினியில் ஏற்றி, பலகையில் உள்ள எண்ணோடு தன் கணிப்பை ஒப்பிட்டார். மக்கள் தப்பாக விலை போட்ட குதிரைகளை மட்டும் தேடிப் பிடித்தார். ஆரம்பத்தில் நஷ்டம். பல வருட உழைப்புக்குப் பிறகே லாபம்.

2001-ல் ஒரு டிரிபிள் டிரையோவில் அவர் குழு 11.8 கோடி ஹாங்காங் டாலர் ஜெயித்தது. அந்தச் சீட்டை அவர்கள் கொடுத்துப் பணமாக்கவே இல்லை. கேட்பாரற்ற அந்தப் பரிசு தர்மக் காரியத்துக்குப் போனது. ஆனால், அந்த ஒரு நாளுக்கு அவர்கள் கட்டியது சுமார் 16 லட்சம் டாலர். ஆபீஸ் விட்டு வந்து, பெயர் பிடித்திருக்கிறதே என்று ஒரு குதிரைக்குப் பத்து டாலர் கட்டுபவர், அதே பானையில் இப்படிப்பட்டவர்களுக்கு எதிராகத்தான் கட்டுகிறார்.

கழித்த பணம் எங்கே போகிறது?

ஜாக்கி கிளப் லாப நோக்கில்லாத அமைப்பு. கழித்த பணத்தில் பெரும்பங்கு அரசுக்கு வரியாகப் போகிறது. மீதியில் தர்மக் காரியங்கள். குழந்தைகள் துள்ளிக் குதிக்கும் ஓஷன் பார்க் உருவானதும், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எழுந்ததும் கிளப்பின் நன்கொடை உதவியால்தான். இன்னொரு விதமாகச் சொன்னால், புதன்கிழமை தோறும் தோற்றவர்களின் பணமும் அந்தக் கட்டடங்களில் இருக்கிறது.

அந்தத் தோல்வி சிலருக்குப் பத்து டாலரோடு நிற்பதில்லை என்பது அரசுக்கும் தெரியும். கால்பந்துப் பந்தயத்தை அனுமதித்த அதே 2003-ல், சூதாட்டத்தில் சிக்கியவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்க ‘பிங் வோ’ என்ற நிதியைத் தொடங்கினார்கள். அனுமதி இல்லாத புக்கியிடம் பந்தயம் கட்டினால், கட்டியவரும் அங்கே குற்றவாளிதான்.

இந்தியாவில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2025-ல் வந்தது. ஆனாலும் கிரிக்கெட் சீசன் வந்தால், எங்கோ இருந்து 1.85, 2.10 என்று எண்கள் போன் திரையில் வந்து கண்சிமிட்டத்தான் செய்கின்றன. ஹேப்பி வேலியின் பலகையாவது, எவ்வளவு கழிக்கிறோம் என்பதை ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் கழிக்கிறது. முகவரி தெரியாத செயலிக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லை.

ஹாங்காங் போகிறவர்கள், செப்டம்பர் முதல் ஜூலை வரையிலான சீசனில் ஒரு புதன்கிழமை இரவை இதற்கென ஒதுக்கலாம். கடைசித் திருப்பத்தில் பன்னிரண்டு குதிரைகளும் ஒன்றாகச் சீறி வரும்போது காலடியில் புல்தரை அதிரும். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கத்தும். பத்து டாலர் நுழைவுச்சீட்டிலேயே அதெல்லாம் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு பைசா கட்டாதவருக்கும் குதிரை அதே வேகத்தில்தான் ஓடும்.