வாசப்படியிலேயே நில்லு, மணி!

சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை. பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு, 'மத்ததை அப்புறம் பார்க்கலாம் சார்' என்று போய்விடும். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்று ஓர் ஊர். பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸின் (1345 மீட்டர்) காலடியில் இருக்கிறது. அங்கே சுமார் 2000 மில்லிமீட்டர். அதையும் மாதச் சம்பளம் மாதிரி பன்னிரண்டு மாசமும் விடாமல் கொடுக்கிறார்கள்.

இந்த மழையில், ஒரு வேனில், நான்கு ராத்திரி. மனிதர்கள் மூன்று, நாய்கள் இரண்டு.

வேன் என் நண்பனுடையது. கிளாஸ்கோவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை, ஆனால் குடும்பஸ்தன். மணி, ஜிம்மி என்று இரண்டு லாப்ரடார்கள். (அந்த ஊரில் மணி என்று கூப்பிட்டால் வேறு எந்த நாயும் திரும்பாது. அது ஒரு சௌகரியம்!) மூன்றாவது ஆள் அவனுடைய அம்மா. கும்பகோணத்திலிருந்து, மூன்று வருஷம் கழித்து மகனைப் பார்க்க வந்திருக்கிறார். அம்மாவுக்கு மலையும் ஏரியும் காட்டிவிட வேண்டும் என்பது மகனின் ஆசை. நாய்களை எங்கேயாவது விட்டுவிட்டு வர மனசில்லை.

அம்மாவுக்கு நாய் மேல் விரோதமெல்லாம் கிடையாது. "திண்ணைக்குக் கீழ எத்தனை வேணா இருக்கட்டும், நானே சோறு வெக்கறேன். ஆனா படுக்கைல ஏறிச்சு, நான் ரயில் ஏறிடுவேன்" என்று புறப்படும்போதே சொல்லிவிட்டார். ஃபோர்ட் வில்லியத்திலிருந்து கிளாஸ்கோவுக்கு ரயில் இருக்கிறதா என்பதையும் விசாரித்து வைத்திருந்தார். இருக்கிறது.

கேம்பர்வேன் என்றால் சக்கரம் வைத்த சமையல்கட்டு ப்ளஸ் படுக்கையறை. பென் பொன் என்ற டச்சுக்காரர் 1947-ல் ஒரு நோட்டில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்தது ஃபோக்ஸ்வேகன் வேன். 1950-ல் தயாரிப்பு ஆரம்பித்து, அந்தப் பழைய மாடலின் கடைசி வண்டி 2013-ல் பிரேஸிலில் வெளிவந்தது. நண்பனுடையது புது வம்சத்தைச் சேர்ந்தது. கூரையைத் தூக்கினால் மேலே ஒரு கட்டில். அதில் நானும் அவனும். பின்சீட்டை மடக்கினால் கீழே ஒரு கட்டில், அது அம்மாவுக்கு. நாய்களுக்கு? அம்மாவின் கட்டிலுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் தரை. கோரைப் பாய் விரித்தால் ஓரம் மடங்கும், அவ்வளவுதான். ஆக, இரண்டு ஈர நாய்களோடு ராத்திரியைக் கழிக்க வேண்டியவர், நாய்க்கு வாசலோடு சரி என்று எழுபது வயது வரை வாழ்ந்தவர்!

லாக் லோமண்ட் ஏரிக்கரை வரை எல்லாம் சுகம். நாய்கள் பெல்ட் போட்டுக்கொண்டு சமர்த்தாக வந்தன. (வண்டியில் நாயைக் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும் என்று அந்த ஊர் சாலை விதிப் புத்தகமே சொல்கிறது.) அப்புறம் வந்தது ரானக் மூர். மனுஷ வாடையே இல்லாத, சதசதவென்ற பரந்த வெளி. அங்கே மண் என்பது நம் ஊர்க் களிமண் இல்லை. பீட். குளிரிலும் தண்ணீரிலும் முழுசாக மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷமாக ஊறிக் கிடக்கும் பாசி, புல். பார்வைக்கு டிகாக்ஷன் இறக்கின காபித்தூள். இதைக் காயவைத்து எரித்த புகைதான் சில ஸ்காட்ச் விஸ்கிகளுக்கு அந்த வாசனையைத் தருகிறது. விஷயம் தெரிந்த வாசகர்கள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

"ரெண்டு நிமிஷம் ஓடிட்டு வரட்டும்" என்று நண்பன் அவிழ்த்துவிட்டான். பழுப்பு நிறத்தில் போனவை கறுப்பு நிறத்தில் வந்தன. வந்த வேகத்தில் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே தாவி, நடு வேனில் நின்று, ஒரு உதறு!

இந்த உதறல் லேசுப்பட்டதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் எலியிலிருந்து கரடி வரை மிருகங்கள் ஈரம் உதறுவதை அதிவேக காமிராவில் படம் பிடித்து ஆராய்ந்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். லாப்ரடார் ஒரு விநாடிக்கு நாலு தடவைக்கு மேல் உடம்பை உலுக்குகிறது. தோல் தொளதொளவென்று இருப்பதால் வீச்சு இன்னும் அதிகம். சில விநாடிகளில் உடம்பில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி காலி. காலியான தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிறீர்களா? கூரை, திரைச்சீலை, அடுப்பு, அம்மாவின் வெள்ளைத் தலையணை உறை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "ரயில் எத்தனை மணிக்குடா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி கிளென்கோ பக்கத்தில் ஒரு கேம்ப்சைட். சுற்றிலும் மலைகள், ஒவ்வொன்றின் மேலிருந்தும் வெள்ளைக் கோடாக அருவி. பார்க்கத்தான் முடியவில்லை, ஐந்து ஜீவன்களின் மூச்சில் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது. நாற்றம் வேறு. நாயின் முடியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாசனை, ஈரம் பட்டதும் கிளம்பி வருகிறது. குளிர் தாங்காமல் ஜன்னலை மூடினால் நாற்றம்; நாற்றம் தாங்காமல் திறந்தால் மழை.

நண்பன் காஸ் அடுப்பைப் பற்றவைத்து நாய்த் துண்டுகளைக் காயவைக்கப் போனான். இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். காஸ் எரிந்தால் அதிலிருந்தே தண்ணீர் ஆவி வரும். ஈரம் கூடுமே தவிரக் குறையாது. மூடின வண்டியில் கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்தால் காலையில் எழுந்திருக்கவே மாட்டோம். கூரை ஜன்னல் ஒரு விரல்கடையாவது திறந்தே இருக்க வேண்டும், மழையானாலும்.

மறுநாள் காலை, பக்கத்து வேன் பெரியவர் தன் இரண்டு ஸ்பானியல்களோடு நடந்துவிட்டு வந்தார். நம் ஊர் ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர் சாயல். அவர் வேன் உள்ளே எட்டிப் பார்த்தால் பூஜை அறை மாதிரி பளிச்! செடிக்கு மருந்து அடிக்கிற மாதிரி ஒரு கைப்பம்பு, அதில் வெதுவெதுப்பான தண்ணீர். நாய்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, அவை உதறி முடிக்கிற வரை காத்திருந்தார். அப்புறம் வயிறு, தொடை, பாதம் என்று பம்பு அடித்து, துடைத்து, கை வைத்த ஒரு துணி அங்கியை மாட்டி, உள்ளே அனுப்பினார்.

அம்மா கண் கொட்டாமல் பார்த்தார். "இதுல என்னடா அதிசயம்? நம்ம வாசல்ல சொம்புத் தண்ணி வெச்சு கால் அலம்பிட்டு வர்றோமே, அதுதானே? இந்த வண்டிக்கு வாசப்படி எதுன்னு நீ இன்னும் முடிவு பண்ணலை. அதான் உன் கஷ்டம்" என்றார்.

அன்றைக்கே நிர்வாகம் கைமாறியது.

பக்கவாட்டுக் கதவுதான் வாசல். அதற்கு வெளியே ஒரு ரப்பர் மிதியடி, உள்ளே ஒன்று. இந்த இரண்டு மிதியடிக்கு நடுவில் சேறு நின்றுவிட வேண்டும். தாண்டினால் அப்புறம் துரத்திப் பிடிக்க முடியாது. கெட்டியான டர்க்கி டவல்களை அம்மா மூட்டை கட்டிவிட்டார். அவை ஒரு நாயைத் துடைத்ததும் நனைந்து கனத்து, அந்தக் குளிரில் இரண்டு நாள் ஆனாலும் காயாது. ஊரிலிருந்து தான் கொண்டுவந்திருந்த ஈரிழைத் துண்டுகளை வெளியே எடுத்தார். பிழிந்து முன்சீட்டுப் பக்கம் கொடி கட்டிப் போட்டால், காற்று கொஞ்சம் ஓடினால் போதும், காலைக்குள் காய்ந்தது. பி.காம். படித்த எனக்குத் துண்டு கணக்கு: ஒரு நாய்க்கு மூன்று. முதல் துண்டு சேற்றுக்கு, இரண்டாவது ஈரத்துக்கு, மூன்றாவது உள்முடிக்கு.

உள்முடி என்பது முக்கியம். லாப்ரடாரின் மூதாதையர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு ஐஸ் தண்ணீரில் வேலை பார்த்தவை. மேலே எண்ணெய்ப் பசையுள்ள முடி, கீழே பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. மேலே தடவினால் காய்ந்த மாதிரி இருக்கும். விரலை உள்ளே விட்டால் ஈரம். அதோடு படுக்கவிட்டால் மிதியடி நனைந்து, அதன் கீழே தரை பூசணம் பிடிக்கும்.

சேறு காய்ந்துபோயிருந்தால் தண்ணீரே வேண்டாம், பிரஷ் போட்டால் உதிர்ந்துவிடும். சீட்டில் ஒட்டிய முடிக்கு, பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு தடவினால் உருண்டு வரும். ஆம்னி வேனில் நாயோடு கொடைக்கானல் போகும் அன்பர்களுக்கும் இது பொருந்தும்.

கிளென்ஃபினன் பாலத்தைப் பார்த்தோம். 21 வளைவு, ஹாரி பாட்டர் சினிமாவில் ரயில் போகுமே, அதுதான். கூட்டம் பாலத்தைப் பார்த்தது, அம்மா பாதையில் இருந்த சேற்றைப் பார்த்தார். மொரார் கடற்கரையில்தான் முகம் மலர்ந்தது. வெள்ளை வெளேரென்று மணல். மணல் நல்ல ஜாதி. காய்ந்தால் தானே கொட்டிவிடும். உப்புத் தண்ணீர்தான் அரிக்கும், அதற்கு ஒரு தடவை நல்ல தண்ணீர்ப் பம்பு. புதர்ப் பக்கம் போனால் உண்ணி. காது மடல், விரல் இடுக்கு என்று அம்மா விளக்கு வைத்துத் தேடினார். அந்த உண்ணி மனிதர்களையும் கடித்து லைம் நோயைக் கொடுக்கக் கூடியது. மணியின் கழுத்திலிருந்து ஒன்றைக் கொக்கியால் திருகி எடுத்து, "பாவம், வாயில்லா ஜீவன்" என்றார். ரயில் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

கடைசி ராத்திரி நல்ல மழை. மணியும் ஜிம்மியும் கதவுக்கு வெளியே உதறிவிட்டு, ரப்பர் மிதியடியில் ஏறி, யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அம்மா துண்டோடு குனிந்தார். பின்னாலேயே ஓடிவந்த நண்பன், முழங்கால் வரை பீட் அப்பிய பூட்ஸோடு அவற்றைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்தான்.

"ஏண்டா, அதுங்க நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா? இறங்கு கீழே. உன் முறை வரும்போது கூப்பிடறேன்!"